கேட்டால்தான் தெரியும்

கேமரன் மலையில் பிரிஞ்சாங்கைக் கடந்து கம்போங் ராஜாவுக்குச் செல்லும் சாலையில் அமைந்திருக்கிறது திரிங்காப் என்னும் சிற்றூர். சாலையின் இரு புறமும் காய்கறித் தோட்டங்களும் மலர்த் தோட்டங்களும் படிப்படியாக இறங்குகின்றன. ஒரு திசையில் சுங்கை பாலாஸ், மறு திசையில் புளூ வேலி என இரு பக்கமும் தேயிலைச் சரிவுகள் உண்டு. 1885-ஆம் ஆண்டில் வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் இம்மலைப் பகுதியை ஆராய்ந்தார். 1929-ஆம் ஆண்டில் ஜே. ஏ. ரஸல் இங்குப் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். காட்டை அழித்து, செடி நட்டு, கொழுந்து பறித்து இம்மலையைப் பசுமையாக்கியவர்களுள் தமிழ்த் தொழிலாளர்களின் பங்கு பெரிது.

மலைவாழ்வு இரண்டு ஆற்றல்களை நாள்தோறும் வேண்டி நிற்கும். ஒன்று கேட்கும் ஆற்றல். மூடுபனி இறங்கிவிட்டால் பத்தடி தூரத்தில் நிற்பவரும் கண்ணுக்குத் தெரிய மாட்டார், குரல்தான் துணை. வளைவில் திரும்பும் லோரியை அதன் ஒலியைக் கொண்டே அறிந்து ஒதுங்க வேண்டும். மற்றொன்று, விழாமல் நிற்கும் ஆற்றல். ஈரமான மண்சரிவில், முதுகில் கூடையுடன் காலூன்றி நின்று கொழுந்து பறிப்பது எளிய செயலன்று. இவ்விரண்டு ஆற்றல்களுக்கும் உறைவிடம் ஒன்றே. அதுதான் காது.

காது கேட்பதற்கு உரியது என்பதை அனைவரும் அறிவர். உடல் சாயாமல் நிற்பதற்கும் அது உதவுகிறது என்பதைப் பலர் அறிவதில்லை. அதனால் காதில் ஏற்படும் கோளாறு வேறு பெயர்களில் அழைக்கப்படுகிறது. கேட்காதவரைப் ‘பிடிவாதக்காரர்’ என்கிறோம். தள்ளாடுபவருக்கு ‘வயதாகிவிட்டது’ என்கிறோம். பெயர் தவறாக இருந்தால் மருந்தும் தவறாகத்தான் இருக்கும்.

திரிங்காப் குடும்பம் ஒன்றில் இவ்விரண்டும் ஒரே கூரையின்கீழ் நிகழ்ந்தன. அவ்வீட்டுத் தாத்தா முப்பது ஆண்டுகள் தேயிலைத் தோட்டத்தில் உழைத்தவர். தொடக்கத்தில் கையால் பறிக்கப்பட்ட கொழுந்து, பிறகு கத்தரியால் வெட்டப்பட்டது. அதற்குப் பின் இயந்திரம் வந்தது. செடிவரிசையின் இரு புறமும் இருவர் நின்று அதைத் தூக்கிப் பிடித்து நடப்பார்கள். கத்திகள் கொழுந்தை வெட்ட, காற்று அதைப் பின்னால் தொங்கும் பைக்குள் தள்ளும். அதன் பெட்ரோல் இயந்திரத்தின் இரைச்சலைத் தாத்தா கையெட்டும் தூரத்தில் கேட்டபடியே ஆண்டுக் கணக்கில் நடந்தார். வேலையில்லாத நாள்களில் காய்கறித் தோட்டக்காரர்களுக்குப் புல்வெட்டும் இயந்திரம் பிடித்தும் சம்பாதித்தார். காதுக்கு எதையும் அணிந்ததில்லை. “சத்தம் பழகிப் போச்சு,” என்பது அவருடைய வழக்கமான பேச்சு.

உண்மையில் சத்தம் யாருக்கும் பழகுவதில்லை. உட்காதில் நத்தை ஓடு போன்ற ஓர் உறுப்பு உள்ளது. அதனுள் ஏறத்தாழ 15,000 நுண்மயிர் செல்கள் வரிசையாக அமைந்துள்ளன. ஒலியலை திரவத்தில் அசைவை உண்டாக்க, இச்செல்கள் அந்த அசைவை மின்குறிப்பாக மாற்றி மூளைக்கு அனுப்புகின்றன. கியோர்க் ஃபொன் பேகேஷி என்ற அறிவியலாளர் அலை இந்நத்தைக் குழலில் எவ்வாறு பயணம் செய்கிறது என்பதைக் கண்டறிந்து 1961-ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றார். பேரிரைச்சலில் நாள்தோறும் இருந்தால் இந்நுண்மயிர் செல்கள் சாய்ந்து மடிகின்றன. மனிதனிடம் அவை மீண்டும் முளைப்பதில்லை. பழகிவிட்டது என்று தாத்தா எண்ணியது, செல்கள் ஒவ்வொன்றாக மடிந்ததன் விளைவாகும்.

இரைச்சலால் முதலில் பாதிக்கப்படுவது உச்சத் தொனிகளைக் கேட்கும் திறன். 4,000 ஹெர்ட்ஸ் அளவையொட்டி இக்குறை தொடங்குவது வழக்கம். பேச்சில் உயிரொலிகள் தாழ்ந்த தொனியிலும் உரத்தும் ஒலிக்கின்றன. மெய்யொலிகள் பல உயர்ந்த தொனியில் மெல்ல ஒலிக்கின்றன. ஆகவே, தாத்தாவுக்குப் பேச்சு கேட்டது, சொல் பிடிபடவில்லை. ‘கடை’ என்றால் ‘படை’ என்றும், ‘தட்டு’ என்றால் ‘பட்டு’ என்றும் காதில் விழுந்தது. “கேட்குது, என்ன சொல்றீங்கன்னுதான் தெரியல,” என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். ஆண் குரல் ஓரளவு புரிந்தது. பேரப்பிள்ளைகளின் மெல்லிய குரல் புரியவில்லை. அவர்கள் கூப்பிட்டும் திரும்பாதபோது, தாத்தாவுக்குத் தங்கள்மேல் கோபம் என்று பிள்ளைகள் நினைத்தனர். திருமண வீடுகளில் பல குரல்கள் ஒன்றாக எழும்போது அவர் சிரித்துத் தலையசைத்துவிட்டு ஒரு மூலையில் அமர்ந்துகொள்வார். சில ஆண்டுகளில் திருமணங்களுக்குப் போவதையே நிறுத்திவிட்டார். காதில் தொடங்கிய குறை அவரைத் தனிமையில் கொண்டுபோய் நிறுத்தியது.

பாட்டியின் துன்பம் வேறு வகையைச் சார்ந்தது. ஒரு நாள் விடியற்காலையில் கட்டிலில் வலப்புறம் புரண்டபோது கூரையும் சுவரும் அவரைச் சுற்றிச் சுழன்றன. சற்று நேரத்தில் அது நின்றுவிட்டது. மறுநாள் மேல்தட்டில் இருந்த மிளகாய்த்தூள் டின்னை அண்ணாந்து பார்த்து எடுக்கும்போது மீண்டும் அதேபோல் நிகழ்ந்தது. குமட்டல் வந்தது, நெஞ்சு படபடத்தது. இரத்த அழுத்தம் கூடிவிட்டது என்றார் ஒருவர். இரத்தம் குறைந்துவிட்டது என்றார் மற்றொருவர். பித்தம் என்று எண்ணி இஞ்சிச்சாறு கொடுத்தார் பக்கத்து வீட்டுக்காரர். பாட்டி உட்கார்ந்தபடியே உறங்கத் தொடங்கினார். வீட்டுக்குப் பின்னால் இருந்த கீரைப் பாத்திக்குப் போகவில்லை. கோயில் படி ஏறவில்லை. விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து படுத்துவிட்டால் யார் பார்ப்பது என்ற அச்சம் அவரை வீட்டுக்குள் முடக்கியது.

அச்சத்திற்கு ஒரு முடிவு காண, படிவம் நான்கில் பயிலும் பேத்தி அவரை அரசாங்க கிளினிக்குக்கு அழைத்துச் சென்றாள். பாட்டிக்கு மலாய் அவ்வளவாக வராது. மருத்துவருக்குத் தமிழ் தெரியாது. பேத்திதான் மொழிபெயர்ப்பாளர். ‘தலை சுத்துது’ என்று பாட்டி சொன்னதை, ‘பெனிங்’ என்று அவள் மருத்துவரிடம் கூறினாள். மலாயில் அச்சொல் தலைவலியையும் குறிக்கும், கிறுகிறுப்பையும் குறிக்கும். தமிழிலும் இதே சிக்கல் உண்டு. பசியில் கண் இருண்டாலும் தலைசுற்றல்; எழுந்து நிற்கும்போது மயக்கம் வருவதுபோல் இருந்தாலும் தலைசுற்றல்; நடக்கும்போது தள்ளாடினாலும் தலைசுற்றல். ஒரே சொல்லுக்குள் நான்கைந்து நோய்கள் ஒளிந்திருக்கின்றன.

மருத்துவர் மருந்துச் சீட்டை எழுதத் தொடங்கவில்லை. மேலும் கேட்டார். சுழல்வது போன்ற உணர்வா என்பதைச் சொல்ல ‘பூசிங்’ என்ற சொல்லைப் பயன்படுத்தினார். பேத்தி பாட்டியின் பக்கம் திரும்பினாள்.

“பாட்டி, உங்க தலைக்குள்ள சுத்துதா, இல்ல வீடே சுத்துதா?”

“வீடுதாம்மா சுத்துது. கட்டிலை இறுக்கிப் பிடிச்சுக்குவேன்.”

“எவ்வளவு நேரம்?”

“அரை நிமிஷம்கூட இருக்காது. ஆனா அதுக்குள்ள உயிரே போயிடும்.”

“எப்ப வரும்?”

“புரண்டு படுத்தா வரும். அண்ணாந்து பார்த்தா வரும். சும்மா உட்கார்ந்திருந்தா வராது.”

இந்த மூன்று விடைகளிலேயே நோய் ஏறக்குறைய வெளிப்பட்டுவிட்டது. சமநிலைக் கோளாறுகளைப் பிரித்தறிய மருத்துவர்கள் காலத்தை ஓர் அளவுகோலாகக் கொள்கின்றனர். தலையை அசைக்கும்போது மட்டும் வந்து ஒரு நிமிடத்திற்குள் அடங்கினால், உட்காதில் துகள் இடம் பெயர்ந்திருக்கலாம். சில மணி நேரம் நீடித்து, காதில் இரைச்சலும் அடைப்பும் கேட்கும் திறனில் குறைவும் சேர்ந்து வந்தால் அது மெனியேர் நோயாக இருக்கலாம். இடைவிடாமல் நாள் கணக்கில் சுழன்றால் சமநிலை நரம்பில் அழற்சி ஏற்பட்டிருக்கலாம். எழுந்து நிற்கும்போது மட்டும் கண் இருண்டால் காதைவிட இரத்த அழுத்தத்தையே முதலில் சோதிக்க வேண்டும். கிறுகிறுப்புடன் பேச்சுக் குழறல், கை கால் தளர்வு, ஒரு பொருள் இரண்டாகத் தெரிதல் ஆகியவை தோன்றினால் அது பக்கவாதத்தின் அறிகுறியாக இருக்கக்கூடும். ஒரு கணமும் தாமதிக்காமல் மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

உட்காதில் அரைவட்டக் குழல்கள் மூன்று உள்ளன. அவை ஒன்றுக்கொன்று ஏறத்தாழச் செங்குத்தாக அமைந்து, திரவத்தால் நிரம்பியிருக்கின்றன. தலை திரும்பும்போது அத்திரவமும் அசைந்து, எந்தப் பக்கம் திரும்பினோம் என்பதை மூளைக்குத் தெரிவிக்கிறது. இக்குழல்களுக்கு அருகே உள்ள பைகளில் மிக நுண்ணிய கால்சியம் கார்பனேட் துகள்கள் ஒட்டிக் கிடக்கின்றன. முட்டை ஓடும் இதே பொருளால் ஆனதுதான். வயது முதிரும்போதோ தலையில் அடிபடும்போதோ சில துகள்கள் கழன்று குழலுக்குள் நுழைந்துவிடுவதுண்டு. தலையை அசைத்தால் அவையும் நகர்ந்து திரவத்தைத் தள்ளுகின்றன. உடல் நின்ற இடத்தில் நிற்க, சுழல்கிறோம் என்று காது பொய் சொல்கிறது. கண் ஒன்று சொல்ல, காது வேறொன்று சொல்ல, மூளை தடுமாறுகிறது. பாட்டியின் வீடு சுழன்றது இதனால்தான்.

கிறுகிறுப்பு காதில் தோன்றலாம் என்ற உண்மை மருத்துவ உலகுக்கும் எளிதில் விளங்கிவிடவில்லை. 1861-ஆம் ஆண்டில் புரோஸ்பர் மெனியேர் என்ற பிரெஞ்சு மருத்துவர் அதை எடுத்துரைக்கும்வரை, அது மூளைநோய் என்றே பெரும்பாலும் கருதப்பட்டது. பின்னர், வியன்னா நகர மருத்துவர் ராபர்ட் பாரனி ஒன்றைக் கவனித்தார். நோயாளிகளின் காதைக் கழுவும்போது நீர் மிகவும் குளிர்ந்திருந்தால் அவர்களுக்குத் தலை சுற்றியது, கண்மணிகள் துடித்தன. நீர் மிகவும் சூடாக இருந்தால் கண்மணிகள் எதிர்த்திசையில் துடித்தன. இதிலிருந்து உட்காதின் சமநிலை உறுப்பைச் சோதிக்கும் முறையை அவர் உருவாக்கினார். அதற்காக 1914-ஆம் ஆண்டின் நோபல் பரிசு அவருக்கு அளிக்கப்பட்டது. அச்செய்தி எட்டியபோது அவர் முதல் உலகப் போரில் பிடிபட்டு ரஷ்யாவில் போர்க்கைதியாக இருந்தார்.

பாட்டிக்கு ஊசியோ பெரிய கருவியோ தேவைப்படவில்லை. மருத்துவர் அவரைப் பரிசோதனைக் கட்டிலில் அமர்த்தி, தலையை வலப்பக்கம் 45 பாகை திருப்பி, தலை கட்டிலின் விளிம்புக்குக் கீழே சற்றுத் தாழுமாறு விரைந்து படுக்க வைத்தார். பின், கண்களையே உற்று நோக்கினார். சில விநாடிகளில் பாட்டியின் கண்மணிகள் சுழன்று துடித்தன. பாட்டி பேத்தியின் கையை இறுகப் பற்றிக்கொண்டார். மார்கரெட் டிக்ஸ், சார்லஸ் ஹால்பைக் ஆகிய இருவரும் 1952-ஆம் ஆண்டில் விளக்கிய சோதனை இது. எந்தக் காதில், எந்தக் குழலில் துகள் இருக்கிறது என்பதைக் கண்களின் துடிப்பே காட்டிக்கொடுக்கிறது.

நோயைக் காட்டிய கட்டிலிலேயே சிகிச்சையும் நடந்தது. மருத்துவர் பாட்டியின் தலையை மெல்ல இடப்பக்கம் திருப்பினார். சற்று நேரம் அப்படியே வைத்திருந்தார். பிறகு உடலையும் இடப்பக்கமாகப் புரட்டி, முகம் தரையைப் பார்க்குமாறு செய்தார். மீண்டும் சற்றுப் பொறுத்து அவரை உட்கார வைத்தார். குழலின் வளைவுக்கேற்பத் தலையைத் திருப்பும்போது துகள்கள் தம் எடையாலேயே உருண்டு, பழைய பைக்குத் திரும்புகின்றன. அமெரிக்க மருத்துவர் ஜான் எப்லி வகுத்த முறை இது. அறுவை சிகிச்சையின்றித் தலையைத் திருப்பியே கிறுகிறுப்பைப் போக்கலாம் என்று அவர் சொன்னபோது சக மருத்துவர்கள் பலர் நம்ப மறுத்தனர். 1992-ஆம் ஆண்டில் அவருடைய ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது. இன்று உலகெங்கும் அம்முறை கையாளப்படுகிறது. பாட்டிக்குச் சில நிமிடங்களே பிடித்தன. அன்றிரவு அவர் பல வாரங்களுக்குப் பிறகு கால் நீட்டிப் படுத்து உறங்கினார்.

இந்நோய் மீண்டும் வரக்கூடும் என்று மருத்துவர் எச்சரித்திருந்தார். வந்தால் அஞ்ச வேண்டாம், திரும்பவும் வாருங்கள் என்றும் கூறியிருந்தார். எந்தக் காது என்று அறியாமலும், கழுத்து எலும்பு நோயிருப்பதைக் கருதாமலும் வீட்டில் தாமாகவே இப்பயிற்சியைச் செய்வது சரியன்று.

பாட்டி நலம் பெற்றதைக் கண்ட பிறகே தாத்தாவுக்கும் மருத்துவரைக் காணும் துணிவு வந்தது. தானா ராத்தாவிலுள்ள மாவட்ட மருத்துவமனையின் பரிந்துரையுடன் குடும்பத்தினர் அவரை ஈப்போவுக்கு அழைத்துச் சென்றனர். கம்போங் ராஜாவிலிருந்து சிம்பாங் பூலாய் நோக்கி வளைந்து வளைந்து இறங்கும் சாலையில் அனைவருக்கும் காது அடைத்துக்கொண்டது. மலையிறங்கும்போது வெளிக்காற்றின் அழுத்தம் கூடுகிறது. செவிப்பறை உள்நோக்கி அழுந்துகிறது. எச்சிலை விழுங்கினால், தொண்டையையும் நடுக்காதையும் இணைக்கும் குழாய் திறந்து அழுத்தம் சமமாகிறது. பேத்திக்கு அடைப்பு உடனே விலகியது. தாத்தாவுக்கும் விலகியது, எனினும், பேச்சு தெளியவில்லை. அவருடைய குறை அடைப்பினால் வந்ததன்று.

மருத்துவமனையில் முதலில் செய்யப்பட்டதும் எளிய சோதனைதான். மருத்துவர் ஓர் இசைக்கவையைத் தட்டி, அதன் அடியைத் தாத்தாவின் காதுக்குப் பின்னுள்ள எலும்பின்மீது வைத்தார். பின்னர், அதைக் காதின் துளைக்கு எதிரே பிடித்தார். எங்கே உரத்துக் கேட்கிறது என்று கேட்டார். எலும்பின்வழி உரத்துக் கேட்டால் அழுக்கு, நீர், கிழிந்த செவிப்பறை போன்ற தடை வெளிக்காதிலோ நடுக்காதிலோ இருக்கிறது என்று பொருள். காற்றின்வழி உரத்துக் கேட்டும் மொத்தத்தில் செவித்திறன் குறைந்திருந்தால் குறை உட்காதிலோ நரம்பிலோ உள்ளது. ரின்னே என்ற ஜெர்மானிய மருத்துவர் 1855-இல் விளக்கிய இச்சோதனை இன்றும் மதிப்பிழக்கவில்லை.

அதன்பின், வெளியோசை புகாத அறையில் தாத்தாவை அமர்த்தி, செவிகளில் செவிபேசி பொருத்தினர். மெல்லிய ஒலி கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார் செவித்திறன் வல்லுநர். 250 ஹெர்ட்ஸ் முதல் 8,000 ஹெர்ட்ஸ்வரை ஒவ்வொரு தொனியிலும் அவருக்குக் கேட்ட மிகக் குறைந்த ஒலியளவு வரைபடத்தில் குறிக்கப்பட்டது. வலக்காதுக்குச் சிவப்பு வட்டம். இடக்காதுக்கு நீலப் பெருக்கல் குறி. தாழ்ந்த தொனிகளில் ஓரளவு சமமாகச் சென்ற கோடு, 4,000 ஹெர்ட்ஸில் பள்ளத்தில் விழுவதுபோல் இறங்கியது. முப்பது ஆண்டு இரைச்சலின் கணக்கு அந்தத் தாளில் எழுதப்பட்டிருந்தது. தாத்தா பிடிவாதக்காரர் அல்லர் என்பதற்கும் அதுவே சான்றாக அமைந்தது. பேரப்பிள்ளைகள் அந்த வரைபடத்தை மாறி மாறிப் பார்த்தனர்.

பாட்டியின் துகள்களைப்போல் தாத்தாவின் செல்களை மீண்டும் இடத்தில் சேர்க்க முடியாது. அவருக்குச் செவிப்பொறி பரிந்துரைக்கப்பட்டது. எந்தத் தொனியில் எவ்வளவு குறையோ, அத்தொனியை அவ்வளவு உயர்த்தித் தருமாறு கணினியின் உதவியுடன் அது சீரமைக்கப்பட்டது. முதல் வாரம் தாத்தாவுக்கு அது பிடிக்கவில்லை. கரண்டி தட்டில் படும் ஓசையும் கூரைத் தகரத்தில் மழை விழும் ஓசையும் அவரைத் திடுக்கிட வைத்தன. நெடுநாள் கேளாத ஒலிகளை மூளை மீண்டும் பழகிக்கொள்ள வேண்டும். அதற்குச் சில வாரங்கள் ஆகும். பலர் இவ்விடத்தில்தான் பொறுமையிழந்து, பொறியை மேசை இழுப்பறையில் போட்டுவிடுகின்றனர். தாத்தா கைவிடாமல் இருந்ததற்குக் காரணம் வீட்டார். அவர்கள் அவர் முகத்தைப் பார்த்துப் பேசினர். கத்தாமல் நிதானமாகப் பேசினர். பேசும்போது தொலைக்காட்சியை நிறுத்தினர். புரியாவிட்டால் அதே சொல்லைத் திரும்பச் சொல்வதைவிட வேறு சொல்லால் சொன்னார்கள். சிகிச்சையின் பாதி மருத்துவமனையிலும் மறுபாதி வீட்டிலும் நடந்தது.

தாத்தாவுக்கு நேர்ந்ததைத் தடுத்திருக்க முடியும் என்பதே வருந்தத்தக்க உண்மை. மலேசியாவில் 2019-ஆம் ஆண்டு நடப்புக்கு வந்த வேலையிட இரைச்சல் விதிமுறைகளின்படி, எட்டு மணி நேர வேலைக்கு 85 டெசிபல் என்பதே வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அனுமதிக்கப்படும் நேரம் பாதியாகக் குறைகிறது. இதன்படி 88 டெசிபலில் நான்கு மணி நேரம். 100 டெசிபலில் வெறும் பதினைந்து நிமிடம். வரம்பு மீறிய இரைச்சலில் உழைப்போருக்கு முதலாளி காதுக் காப்பு வழங்க வேண்டும். ஆண்டுதோறும் செவிச்சோதனைக்கும் ஏற்பாடு செய்ய வேண்டும். வேலையிட இரைச்சலால் ஏற்படும் செவித்திறன் இழப்பைச் சொக்சோ சட்டம் தொழில்சார் நோயாக ஏற்றுக்கொள்கிறது. தாத்தாவின் மகன் இன்று இயந்திரம் பிடிக்கும்போது காதுக் காப்பு அணிகிறார்.

பேரப்பிள்ளைகளுக்கும் இதில் பாடம் உண்டு. பாதுகாப்பற்ற முறையில் இசை கேட்பதால் நூறு கோடிக்கும் அதிகமான இளையோர் செவித்திறனை இழக்கும் அபாயத்தில் உள்ளனர் என உலகச் சுகாதார நிறுவனம் எச்சரிக்கிறது. நுண்மயிர் செல்லுக்குத் தேயிலை இயந்திரத்தின் இரைச்சலும் செவிபேசியில் ஒலிக்கும் திரைப்பாடலும் ஒன்றே. காதில் காய்ச்சிய எண்ணெய் ஊற்றுவதும், கோழியிறகு, ஊக்கு, தீக்குச்சி ஆகியவற்றால் குடைவதும் நம்மிடையே இன்னும் மறையாத வழக்கங்கள். இவை அழுக்கை உள்ளே தள்ளுவதோடு செவிப்பறையையும் கிழித்துவிடக்கூடும். ஒரு காது திடீரென்று கேட்காமல் போனால் ‘நாளைக்குச் சரியாகிவிடும்’ என்று காத்திருக்கக்கூடாது. முதல் சில நாள்களுக்குள் சிகிச்சை தொடங்கினால்தான் இழந்ததை மீட்கும் வாய்ப்பு மிகுதி. வகுப்பில் அழைத்தும் திரும்பாத மாணவனைச் சோம்பேறி என்று ஏசுவதற்கு முன், அவன் காதைச் சோதிப்பது நல்லது.

தமிழில் ‘கேள்வி’ என்னும் சொல் இருபொருள் தரும். வினவுவதும் கேள்வி; செவியால் கேட்டு அறிவதும் கேள்வி. திருவள்ளுவர் ‘கேள்வி’ என ஓர் அதிகாரமே வகுத்துள்ளார். பாட்டிக்கு நலம் கிடைத்தது, சரியான கேள்வி கேட்கப்பட்டதால். அவர் சொன்ன விடை பொறுமையாகச் செவிமடுக்கப்பட்டதால். தாத்தா பல்லாண்டுகள் தனித்திருந்தது, அவருக்குக் கேட்கவில்லை என்பதால் மட்டுமன்று. அவர் சொன்னதையும் எவரும் கேட்கவில்லை. ‘கேட்குது, ஆனால் புரியவில்லை’ என்று தம் நோயை அவரே தெளிவாகச் சொல்லிக்கொண்டுதான் இருந்தார். நம் வீட்டிலும் இப்படிச் சொல்லிக்கொண்டிருக்கும் முதியவர் ஒருவர் இருக்கலாம். செவி நலமாக உள்ளவர்கள் முதலில் செய்ய வேண்டியது, அவர் சொல்வதைக் கேட்பதே.